வென்ட்வேர்த்வில் குசினிக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனைச் சுற்றி யுனிட் எடுத்துக் குடிவருகிற இளம் பிள்ளைகள் கொஞ்ச நாளிலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “அன்ரி, கோவா வறை வைச்சால் அடுத்த நாளும் வீடு நாறுது. என்ன செய்யிறது?” ஊரில் இந்தக் கேள்வி ஒருவருக்கும் வந்ததில்லை. அங்கே குசினி வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்தது. மேலே புகைக்கூடு, ஓட்டுக்குள் காற்றுப் போக இடைவெளி, வெளியில் பரந்த வளவு. தாளித்த மணம் வேலி தாண்டிப் போய் அங்கேயே கரைந்துவிடும். இங்கே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய மூன்று மாடிச் செங்கல் யுனிட். குசினியும் சாப்பாட்டு மேசையும் சோபாவும் ஒரே அறைக்குள். தரை முழுக்கக் கார்ப்பெட். யூன் முதல் ஓகஸ்ட் வரை யன்னலைத் திறக்கவே மனம் வராது. அதே கறியை அதே கைப்பக்குவத்தில் வைத்தாலும் மணம் போவதற்கு வழியில்லை.

இதற்காகச் சமையலைக் குறைத்துப் பாணும் ஜாமும் தின்று காலம் தள்ளுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லாத வதை. கீழே உள்ளவற்றில் பாதியைச் செய்தாலே போதும்.

1. எது நாறுகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். நாம் “கறி மணம்” என்று ஒரே பெயரில் சொல்வது மூன்று வேறு வேறு சங்கதிகள். ஒன்று, மரக்கறிக்குள்ளேயே இருக்கிற கந்தகம்: கோவா, பூக்கோவா, முள்ளங்கி, வெங்காயம், உள்ளி. இரண்டாவது, சூடேறிய எண்ணெயின் புகை. மூன்றாவது, வறுபடுகிற மிளகாய், மல்லி, வெந்தயம். முதலாவது சில மணித்தியாலங்களில் போய்விடும். மூன்றாவது இருமல் வரவைத்தாலும் யன்னலைத் திறந்தால் அன்றைக்கே இறங்கிவிடும். நாட்கணக்கில் வீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டாவதுதான். ஆனால் எல்லோரும் பழி போடுவது கோவாவின் மேல்.

2. கோவாவுக்கு மருந்து நேரம்தான். கோவாவை வெட்டாமல் வைத்திருக்கும்வரை அது சாது. வெட்டியதும் கலங்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த கந்தகச் சேர்மமும் நொதியமும் ஒன்றோடொன்று சேர்ந்து காரமான வாடையை உண்டாக்குகின்றன. அது பச்சை மணம், அதனால் பெரிய தொல்லை இல்லை. தொல்லை வருவது வேகவைக்கும்போது. வெப்பம் ஏற ஏற அந்தச் சேர்மங்கள் சிதைந்து ஐதரசன் சல்பைட்டு வெளிவரும். கூழ்முட்டையில் வருகிற அதே வாயு. கோவா ஐந்து நிமிடத்தைத் தாண்டி வேக வேக இந்த வாயு மளமளவென்று கூடுகிறது. அரை மணித்தியாலம் மூடி போட்டு அவித்த கோவா நாறாமல் என்ன செய்யும்?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். சமைக்கப் போகிற நேரத்தில்தான் வெட்டுங்கள். காலையில் வெட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு மாலையில் வந்து திறந்தால் குளிர்சாதனப் பெட்டியே மணக்கும். நரம்பை எடுத்துவிட்டு, நூல் நூலாக அரியுங்கள். அகலமான தாச்சியை நன்றாகச் சூடாக்கி, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் வதங்கியதும் கோவாவைக் கொட்டி, மஞ்சளும் உப்பும் போட்டு, பெரிய நெருப்பில் மூடாமல் கிளறுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். உப்புப் பட்டதும் அதுவே தண்ணீர் விடும். நான்கு, ஐந்து நிமிடம். கோவா மினுங்கி வளைகிற பதம் வந்ததும் தேங்காய்ப்பூவைப் போட்டு ஒரு பிரட்டு, இறக்கி ஓரமாக வைத்துத் தேசிக்காய்ப் புளி விடுங்கள். கடித்தால் லேசாக நறுக்கென்று இருக்க வேண்டும். கோவா குழையக் குழைய வேண்டும் என்று கேட்கிற வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை: குழைந்த கோவாதான் நாறுகிற கோவா. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

அப்பச் சோடா போட்டால் சீக்கிரம் வேகும், மணம் குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிறம் பச்சையாக நிற்கும். மற்றப்படி மரக்கறி கூழாகும், விற்றமினும் போகும். பானைக்குள் பாண் துண்டு போடுகிற வெள்ளைக்காரர் வைத்தியமும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

3. பூக்கோவா, புரொக்கொலி, பிரஸ்ஸல்ஸ் முளை எல்லாம் கோவாவின் சொந்தக்காரர்தான். குழம்புக்குள் முதலிலிருந்தே போட்டு அவிக்காதீர்கள். எண்ணெய் பூசி, மஞ்சள், உப்பு, கொஞ்சம் தூள் பிரட்டி அவனில் 200 பாகையில் ஓரங்கள் சிவக்கும்வரை வையுங்கள். குழம்பு கொதித்து இறக்கும்போது இதைச் சேர்த்தால் போதும். முள்ளங்கியில் காரத்தின் பெரும்பகுதி தோலில் இருக்கிறது. தடிப்பாகச் சீவிவிட்டு, துருவாமல் வட்டமாக வெட்டுங்கள். துருவுவது வாடையை நாமாகவே கூப்பிடுவது போன்றது. புளிக்குழம்பில் போட்டால் மணம் அடங்கி நிற்கும். கத்தரி, போஞ்சி, கரட், பூசணி, முருங்கைக்காய், பயற்றங்காய் ஒரு தொல்லையும் தராதவை. யன்னல் திறக்க முடியாத மழை நாளில் இவற்றைச் சமையுங்கள். கோவாவை வெயில் நாளுக்கு வையுங்கள். ஒரு கிழமைக்கான மரக்கறி வாங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

4. வெங்காயமும் உள்ளியும் கருகக் கூடாது. பொன்னிறம் வரைக்கும் வருகிற மணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் பசியோடு எட்டிப் பார்ப்பார். அதற்குமேல் அரை நிமிடம் போனால் கசப்புப் புகை. உள்ளியை வெங்காயத்துக்கு முதல் போடுகிற பழக்கத்தை விடுங்கள். அது சீக்கிரம் கருகும். பாதி வெட்டிய வெங்காயத்தைப் பொலித்தீனில் சுற்றி வைக்காதீர்கள். இறுக மூடுகிற கண்ணாடிப் பெட்டியில் வைத்து அடுத்த நாளே முடித்துவிடுங்கள்.

5. எண்ணெயைப் புகைய விடாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலும் வீட்டு மணத்தில் பெரும்பகுதி போய்விடும். எண்ணெய் சூடேறும்போது கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகளாக மேலே போகிறது. தாளித மணத்தையும் தூளின் மணத்தையும் தன்னோடு ஏற்றிக்கொண்டு போய்ச் சுவரிலும் திரைச்சீலையிலும் கார்ப்பெட்டிலும் படிகிறது. அங்கே இருந்து காற்றுப் பட்டுச் சிக்குப் பிடிக்கிறது. வெளியூர் போய்வந்து கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற பழைய மணம் அதுதான். சந்தேகம் இருந்தால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, குசினி அலுமாரியின் உச்சியை விரலால் தடவிப் பாருங்கள். மஞ்சளாகப் பசை மாதிரி ஒட்டும். அதற்குள் தூசியும் இருக்கும், ஒரு கடுகும் இருக்கலாம். அதைச் சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டு மாதம் ஒருமுறை துடைக்காமல் எந்த வாசனைத் திரவம் தெளித்தும் பயனில்லை.

செக்கு நல்லெண்ணெய் சீக்கிரம் புகையும். தாளிக்கிறதுக்குச் சுத்திகரித்த சூரியகாந்தியோ தவிட்டெண்ணெயோ எடுத்துக்கொண்டு, நல்லெண்ணெயை இறக்கும்போது மேலே ஒரு கரண்டி விடுங்கள், ருசியும் கிடைக்கும். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்கப் புகை வரும்வரை நிற்க வேண்டாம். ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். அது வெடித்தால் மிச்சத்தைப் போடலாம். கறிவேப்பிலையைக் கழுவினால் துணியால் ஒற்றிவிட்டுப் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் சிதறி அடுப்பு, சுவர், உங்கள் கை மூன்றும் வாங்கிக் கட்டும். இன்னொரு வழி, தாளிதத்தைத் தனியாகச் சின்னத் தாளிப்புக் கரண்டியில் செய்து, வெடித்த கையோடு குழம்புக்குள் கொட்டி உடனே மூடுவது. புகை மேலே போகாமல் குழம்புக்குள்ளேயே அடங்கும். மணமும் கறிக்குள் நிற்கும். அது உங்களுக்குத்தானே வேண்டும், கார்ப்பெட்டுக்கு எதற்கு?

கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சட்டி நிறைய எண்ணெயில் பொரிப்பதை இங்கே விட்டுவிடலாம். துண்டுகளுக்கு உப்பும் எண்ணெயும் பூசி அவனிலோ எயர்ஃப்ரையரிலோ வாட்டி எடுங்கள். அம்மாவின் குழம்பு வராது, முக்கால்வாசி வரும்.

6. ரேஞ்ச்ஹூட் எங்கே ஊதுகிறது என்று பாருங்கள். அடுப்புக்கு மேலே அது இருக்கிறது, சத்தமும் போடுகிறது, ஆகவே புகையை வெளியே அனுப்புகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய யுனிட்டுகளில் பல ரேஞ்ச்ஹூட்டுகள் காற்றை உறிஞ்சி, ஒரு வலைக்குள்ளால் விட்டு, அதே குசினிக்குள் உங்கள் தலைக்கு மேலேயே திருப்பி ஊதுபவை. எப்படித் தெரியும்? மேலே உள்ள அலுமாரியைத் திறந்து பாருங்கள். தடித்த குழாய் ஒன்று கூரைக்கோ சுவருக்கோ போனால் வெளியே போகிறது. குழாய் இல்லாமல் முன்பக்கத்திலோ மேலேயோ துளைகள் இருந்தால் உள்ளேயே சுற்றுகிறது. உள்ளே சுற்றுகிற வகைக்கு எண்ணெய் பிடிக்கும் உலோக வலையோடு கரி வடிகட்டி ஒன்றும் வேண்டும். மணத்தைப் பிடிப்பது அந்தக் கரிதான். அதைக் கழுவ முடியாது. நம்மைப்போல் அன்றாடம் தாளிக்கிற வீட்டில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பல வாடகை வீடுகளில் அந்தக் கரி வைக்கிற இடம் வெறுமையாகவே கிடக்கும், குடியிருப்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

உலோக வலையைக் கழற்றி, கொதிநீரில் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை. எண்ணெய் அடைத்த வலைக்குள்ளால் காற்றுப் போகாது. அதோடு எண்ணெய் ஊறிய வலையில் நெருப்புப் பிடிக்கவும் கூடும்.

தாளிக்கிற நேரத்தில்தான் ரேஞ்ச்ஹூட்டைப் போடுவது நம்மவர் பழக்கம். அடுப்பை மூட்டும்போதே போடுங்கள். அணைத்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். மணம் அதிகமான சட்டியை எப்போதும் பின்னால் உள்ள அடுப்பில் வையுங்கள். ரேஞ்ச்ஹூட்டின் வாய் பின்னடுப்புக்கு நேர் மேலே இருக்கிறது. முன்னடுப்புப் புகையில் பாதி உங்கள் முகத்தைச் சுற்றி அறைக்குள் போய்விடும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடம் ரேஞ்ச்ஹூட்டுகளை அளந்து பார்த்துச் சொன்னதும் இதுதான்: பின்னடுப்பில் சமைத்தால் கூடுதலாகப் பிடிபடும். காஸ் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இது மணத்துக்கு மட்டுமல்ல. காஸ் சுவாலையிலிருந்து வருகிற நைதரசன் ஈரொட்சைட்டு ஆஸ்துமாப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது.

7. யன்னலைத் திறங்கள், வாசல் கதவைத் திறக்காதீர்கள். காற்று ஒரு பக்கத்தால் உள்ளே வந்தால்தான் மற்றப் பக்கத்தால் வெளியே போகும். குசினி யன்னலை அகலத் திறந்து, வீட்டின் மறுகோடியில் இன்னொரு யன்னலை நான்கு விரல் அளவுக்குத் திறந்தால் போதும். குளிரில் முழு நேரமும் வேண்டாம். சமைக்கிற நேரமும் அதற்குப் பிறகு கொஞ்ச நேரமும். நிற்கிற மின்விசிறி இருந்தால் குசினி யன்னலைப் பார்த்து, வெளியே ஊதும்படி வையுங்கள். படுக்கையறைக் கதவுகளையும் உடுப்பு அலுமாரியையும் சமைக்க முதலே சாத்துங்கள்.

யுனிட்டில் இருப்பவர்கள் புகை அதிகமானதும் பதறிப்போய் முன்கதவைத் திறந்து கொரிடோருக்குள் விடுகிறார்கள். அதைப்போல மோசம் வேறில்லை. அண்டை அயலுக்கு மணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். புதிய கட்டடங்கள் பலவற்றில் பொது நடைபாதையில் உள்ள புகை எச்சரிக்கைக் கருவி தீயணைப்பு நிலையத்தோடு நேரே இணைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கடுகுப் புகைக்கு வண்டி வந்து நிற்கும். பொய் அழைப்புக்கான கட்டணம் ஆயிரம் டொலருக்கு மேல்; கட்டட நிர்வாகம் அதை யாருடைய கணக்கில் எழுதும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்குள் உள்ள புகைக் கருவி அடிக்கடி கத்துகிறது என்று குளியல் தொப்பியால் மூடுகிறவர்கள் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் 2006 மே 1 முதல் ஆட்கள் படுத்துறங்கும் எல்லாக் கட்டடங்களிலும் புகைக் கருவி கட்டாயம். அதைக் கழற்றுவதோ மறைப்பதோ குற்றம். குசினிக்கு மிக அருகில் இருந்தால் இடம் மாற்றித் தரச் சொல்லி ஏஜென்டுக்கு எழுதுங்கள்.

8. தூளை வீட்டுக்குள் வறுக்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத் தூள் என்றால் அது அம்மா வறுத்த தூள்தான். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை, ஒவ்வொன்றாகத் தாச்சியில் போட்டு வறுக்க வேண்டும். மிளகாயின் காரப்பொருள் புகையோடு எழும்பினால் வீட்டில் இருப்பவர் மட்டுமல்ல, மாடியில் இருப்பவரும் இருமுவார். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது விளையாட்டல்ல.

வென்ட்வேர்த்வில்லிலும் பென்டில் ஹில்லிலும் உள்ள நம்மவர் கடைகளில் வறுத்த யாழ்ப்பாணத் தூள் பக்கெற்றில் வாங்கலாம். யுனிட்டில் இருப்பவர்கள் அதோடு நின்றுகொள்வது நல்லது. பின்வளவு உள்ள வீடு என்றால் வெளியே பார்பிக்யூவின் பக்க அடுப்பில் தாச்சியை வைத்து வறுங்கள். ஆறுதலாக, நடுத்தர நெருப்பில். மல்லி வெடிக்கத் தொடங்கி நிறம் மாறும்போது இறக்க வேண்டும். மிளகாய் கறுக்கக் கூடாது, நகத்தால் தட்டினால் சலசலக்க வேண்டும். வெந்தயம் சிவந்தால் போதும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முதலில் பாருங்கள். அடுத்த வளவில் சுற்றுகிற கொடிக்கம்பியில் உடுப்புக் காய்கிறதா என்றும் வேலிக்கு மேலால் எட்டிப் பாருங்கள். படுக்கை விரிப்புக் காய்கிற நாளில் மிளகாய் வறுத்தால் எந்த அயலவருக்கும் கோபம் வரும், நியாயமான கோபம். முதல் நாள் சொல்லிவைத்தால் அவர்களே உடுப்பை எடுத்துவிடுவார்கள். கோடையில் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் கரி, விறகு அடுப்பு வெளியே மூட்டவே கூடாது. அன்றைக்குத் தூள் வறுக்கிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

மேற்குச் சிட்னியில் நம்மவர் கட்டுகிற புதிய வீடுகளில் பெரிய குசினிக்குப் பின்னால் ஒரு சின்னக் குசினி வைத்துக் கட்டுகிறார்கள். வெளிக்கதவும் பலமான ரேஞ்ச்ஹூட்டும் அதற்கே போகின்றன. ஊர்ப் புகைக்கூட்டுக் குசினி வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். முன்குசினி விருந்தினர் பார்க்க. கறி வேகுவது பின்னால்.

9. பெருங்காயத்தை வாங்கிவந்த பொதியிலேயே வைக்காதீர்கள். திருகு மூடிக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, அந்தப் போத்தலை ஒரு தகரப் பேணிக்குள் வையுங்கள். எண்ணெயில் பொரிந்ததும் அதன் கடும் வாடை தணிந்து வெங்காய வாசம்போல் ஆகிவிடும். பச்சையாக இருக்கும்போதுதான் அலுமாரி முழுக்கப் பிடிக்கும். வெந்தயப் பொடிக்கும் இதே காவல்.

10. குப்பையைத் தூங்க விடாதீர்கள். பல நாள் மணங்களின் காரணம் அடுப்பில் இல்லை, பேசினுக்குக் கீழே உள்ள வாளியில் இருக்கிறது. கோவாத் தண்டு, வெங்காயத் தோல், முள்ளங்கி இலை எல்லாவற்றையும் பழைய பேப்பரில் சுற்றி அன்றிரவே வெளித் தொட்டியில் போடுங்கள். சிவப்பு மூடித் தொட்டி எடுக்க இன்னும் நாள் இருந்தால், கெட்டு நாறக்கூடியவற்றைப் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்து, எடுக்கிற நாள் காலையில் போடலாம். கடலை, பயறு ஊறவைத்த தண்ணீரைக் கோடையில் இரவு முழுக்க வெளியே வைக்காதீர்கள், புளித்துவிடும். மிஞ்சிய எண்ணெயைப் பேசினில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அங்கிருந்து நாறும். ஆறவிட்டு ஒரு பேணியில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள்.

11. மணத்துக்கு மேல் மணம் போடாதீர்கள். ஊதுபத்தி, சாம்பிராணி, லவெண்டர் ஸ்பிரே. இவற்றில் ஒன்று கூட மணத்தை எடுப்பதில்லை. கோவாவும் லவெண்டரும் சேர்ந்த மணம் தனிக் கோவாவைவிட மோசம். சாமிக்குக் கொளுத்துங்கள், சமையலை மறைக்கக் கொளுத்த வேண்டாம். வினாகிரிக் கிண்ணம் மீன் வாடைக்கு ஓரளவு உதவும், கோவாவின் கந்தக வாடைக்கு அவ்வளவாக உதவாது. கறுவாப்பட்டையும் தோடம்பழத் தோலும் தண்ணீரில் கொதிக்க வைப்பது மனதுக்கு இதம், தீங்கில்லை, அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் வீடு மணக்கிறதா என்று உங்களுக்கே தெரியாது. மூக்கு சில நிமிடத்தில் பழகிவிடும். வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, கதவைத் திறந்த முதல் மூச்சில் கண்டுபிடியுங்கள்.

12. வேலைக்குப் போகிற உடுப்போடு அடுப்படிக்குப் போகாதீர்கள். கம்பளி மேற்சட்டையும் தலைமுடியும் மணத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். குளிர்காலத்தில் யன்னல் சாத்திய ரயிலில் அது உங்களுக்கு முன்னால் ஏறும். வந்ததும் வீட்டு உடுப்பு, தலையில் ஒரு துணி. சமையலை இரவிலேயே முடித்து, குளித்துவிட்டுப் படுங்கள். வேலைக்கோட்டைக் குசினிக்குத் தூரமான அறையில், கதவு சாத்திய அலுமாரியில் தொங்கவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கோவா வறையும் முட்டையும் கட்டாதீர்கள். மைக்ரோவேவில் சூடேறினால் அடைத்து வைத்த கந்தகம் முழுதும் ஒரே நேரத்தில் வெளிவரும். புளிச்சாதம், பருப்பும் கத்தரியும், கரட் வறை ஒன்றும் செய்யாது. உங்கள் சாப்பாட்டைப் பற்றி வெட்கப்படச் சொல்லவில்லை. அதே அறையில் டூனாப் பேணியைச் சூடாக்குகிற வெள்ளைக்காரனுக்கும் இதைத்தான் சொல்வேன்.

13. வீட்டுக்குள் போகிற முதல் நாளே மூக்கைப் பயன்படுத்துங்கள். நுழைவு நிலை அறிக்கையை நிரப்பிக் குடிபுகுந்து 7 நாளுக்குள் ஏஜென்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் கீறல், கறை மட்டும் எழுதுகிறார்கள். பழைய மணம் இருந்தால் அதையும், ரேஞ்ச்ஹூட் வலை எண்ணெய் பிடித்திருந்தால் அதையும் எழுதுங்கள், படம் எடுங்கள். பொண்ட் நான்கு கிழமை வாடகைக்கு மேல் கேட்க முடியாது. வழக்கமான வீட்டுச் சோதனை 12 மாதத்தில் 4 தடவைக்கு மேல் இல்லை. 7 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த 7 நாளில் திரைச்சீலையைத் தோய்த்து, சுவரின் மேற்பகுதியைத் துடைத்து விடுங்கள். வீட்டை விட்டுப் போகும்போது கார்ப்பெட்டை நீராவியால் கழுவுவதோடு ரேஞ்ச்ஹூட்டையும் அலுமாரி உச்சியையும் துடையுங்கள். கார்ப்பெட்டை மட்டும் கழுவினால் மணம் மேலிருந்து திரும்ப இறங்கும்.

“கறி மணம்” என்பதைச் சாட்டாக வைத்து வீடு தர மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பெரிய அளவில் வீடுகளை வாடகைக்கு விட்ட ஒருவர், குடியிருந்தவர்கள் போகும்போது கறி மணம் மிஞ்சுகிறது என்று சொல்லி வெள்ளையர் அல்லாதவருக்கு வாடகைக்கு விடாதே என்று தன் ஏஜென்டுக்கு எழுதினார். 2017 நவம்பரில் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்த்தது. நமக்கு நியூ சவுத் வேல்ஸின் 1977ஆம் ஆண்டுப் பாகுபாட்டுக்கெதிரான சட்டமும், அவுஸ்திரேலியாவின் 1975ஆம் ஆண்டு இனப்பாகுபாட்டுச் சட்டமும் இருக்கின்றன.

14. அயலவரிடம் நீங்களே முதலில் பேசுங்கள். சிங்கப்பூரில் நடந்த கதை ஒன்று 2011 ஓகஸ்டில் பத்திரிகையில் வந்தது. சீனாவிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம், பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி மணம் தாங்கவில்லை என்று சமரச மையத்துக்குப் போயிருக்கிறது. கறி வைப்பவர்கள் ஏற்கனவே கதவையும் யன்னலையும் சாத்திக்கொண்டுதான் சமைத்தார்கள். முடிவாக, சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் கறி வைப்பது என்றும், பதிலுக்கு அவர்கள் கறியை ருசித்துப் பார்ப்பது என்றும் இணங்கினார்கள். செய்தி வெளியானதும் சிங்கப்பூரே கொதித்தது. ஓகஸ்ட் 21 ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கறி சமைப்போம் என்று முகநூலில் எழுந்த அழைப்புக்குப் பல பத்தாயிரம் பேர் சேர்ந்தார்கள். சீனரும் மலாயரும் சட்டி வைத்தார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த ஊர் எழும்பி நின்றது. பிடிக்காதது அந்த ஒப்பந்தம். தன் வீட்டில் தான் எப்போது சமைப்பது என்பதை, அயலவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்து முடிவெடுப்பது சமரசம் அல்ல.

மணம் நமக்கு மட்டும் உள்ள வழக்கு என்று நினைக்காதீர்கள். 2019இல் பேர்த் நகரில் இறைச்சி உண்ணாத ஒரு பெண், பக்கத்து வீட்டுப் பார்பிக்யூ மணம் தன் வளவை அனுபவிக்க விடவில்லை என்று வழக்குக்கே போனார். தீர்ப்பாயமும் தள்ளியது, உச்ச நீதிமன்றமும் தள்ளியது. ஒரு வீட்டில் நியாயமான அளவில் சமைக்கிற மணத்தைத் தடுப்பது சட்டத்தால் இலகுவான காரியமல்ல. ஆனால் யுனிட் கட்டடங்களுக்குத் துணைவிதிகள் உண்டு, மற்றவருக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்ற சட்டமும் உண்டு. அதனால் யன்னலைத் திறந்து, வலையைக் கழுவி, தூளை வெளியே வறுத்து, நம் பக்கத்தைச் சரியாக வைத்துக்கொண்டு பேசுங்கள். குடிபுகுந்த கிழமையிலேயே கதவைத் தட்டி ஒரு தட்டு வடையோ ரோல்ஸோ கொடுங்கள். “மணம் கூடினால் எனக்கே சொல்லுங்கள்” என்று தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். அப்படிக் கொடுத்த வீட்டிலிருந்து ஏஜென்டுக்கு முறைப்பாடு போவது அரிது.

அதற்கும் மேல் ஏஜென்டிடமிருந்தோ கட்டட நிர்வாகத்திடமிருந்தோ கடிதம் வந்தால் பயந்து உடனே மன்னிப்பு எழுதி அனுப்பாதீர்கள். வாடகையாளருக்கு ஆலோசனை சொல்லும் இலவசச் சேவைகள் இந்த மாநிலம் முழுவதும் இருக்கின்றன. முதலில் அவர்களிடம் கடிதத்தைக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் 131 450 இலக்கத்துக்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.